தேசிக்காயால் மணிக்கூடு ஓட்டுவது எப்படி?

2022 மார்ச் கடைசியில் கொழும்பில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில்தான் இது தொடங்கியது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில், மெழுகுதிரி வெளிச்சத்தில், ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பிள்ளை, எட்டாம் வகுப்பு, குசினி மேசையில் கிடந்த தேசிக்காயைக் காட்டிக் கேட்டாள்: "டீச்சர், இதிலயிருந்து கரண்ட் எடுக்கலாம் எண்டு வீடியோவில காட்டினவை. அப்ப ஏன் நாங்கள் இருட்டுக்குள்ள இருக்கிறம்?"

மறுநாளே ஆணியும் வயரும் தேடி எடுத்து வந்து செய்து பார்த்தோம். முதல் நாள் ஒன்றும் எரியவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் மேசைக்குக் கீழே சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டு பார்த்தபோது ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி தெரிந்தது. அந்த இரண்டு நாள் தோல்வியில் நாங்கள் கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல். நீங்கள் ஒரே மாலையில் மணிக்கூடு வரை போய்ச் சேரலாம்.

கரண்ட் பழத்தில் இல்லை

செய்யத் தொடங்குமுன் இதை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இதை விளங்கிக்கொண்டால் பிழை வரும்போது எங்கே பார்க்க வேண்டும் என்று தானாகத் தெரியும்.

தேசிக்காய்க்குள் மின்சாரம் அடைத்து வைக்கப்பட்டிருக்கவில்லை. சக்தி வருவது நாகம் (துத்தநாகம்) என்ற உலோகத்திலிருந்து. நாகமும் செப்பும் புளிச்சாற்றுக்குள் நிற்கும்போது, நாகம் இலத்திரன்களை விட்டுவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாற்றில் கரைகிறது. அந்த இலத்திரன்கள் வெளியே வயர் வழியாகச் செப்புப் பக்கம் போகின்றன. அங்கே சாற்றிலுள்ள ஐதரசன் அயன்கள் (மின்னேற்றம் உள்ள துணிக்கைகள்) அவற்றை வாங்கிக்கொள்கின்றன. செப்பு கரைவதில்லை, இலத்திரன்களைக் கைமாற்றிக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. பிள்ளைகளின் கொப்பியில் "நாகமும் செப்பும் கரைகின்றன" என்று எழுதியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அது பிழை. சாதாரண தரத்தில் படிக்கும் எளிய மின்கலத்தில் ஐதான சல்பூரிக்கமிலம் செய்கிற வேலையை இங்கே தேசிப்புளி செய்கிறது, அவ்வளவுதான்.

இதே குழப்பம் பெரிய மனிதர்களுக்கும் வந்திருக்கிறது. இத்தாலியில் கல்வானி என்ற வைத்தியர் செத்த தவளையின் காலில் இரண்டு உலோகங்கள் பட்டபோது கால் துடித்ததைக் கண்டு, மின்சாரம் தவளைக்குள் இருக்கிறது என்று 1791இல் எழுதினார். அதே நாட்டு விஞ்ஞானி வோல்ற்றா அதை ஒத்துக்கொள்ளவில்லை. தவளை வெறும் ஈரம். விசயம் இரண்டு வேறு உலோகங்களில் இருக்கிறது என்றார். தவளையே இல்லாமல், நாகத் தட்டும் வெள்ளித் தட்டும் உப்புத்தண்ணீரில் நனைத்த துண்டுமாக மாறி மாறி அடுக்கி, 1800 மார்ச் 20இல் லண்டன் ரோயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். உலகத்தின் முதல் பற்றரி அது. தேசிக்காயை மேசையில் வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தவளை நினைவுக்கு வரும்.

சாமான் வாங்குவது

பெரிய செலவு இல்லை. தேசிக்காய் ஆறு வாங்குங்கள், நாலு போதும், இரண்டு கைகாவலுக்கு. தோல் மெல்லியதாக, அமத்தினால் உள்ளே போகிறதாகப் பார்த்து எடுங்கள். காய்ந்து கல்லாகிப் போனதில் சாறு இல்லை, கரண்டும் வராது. பார்வைக்கு மஞ்சள் தட்டி, கடைக்காரர் ஒதுக்கிப் போட்டதே இதற்கு நல்லது.

செப்புக்கு எலெக்ட்ரீசியன் மிச்சம் விட்ட வயர்த் துண்டு போதும். ஹார்ட்வெயார் கடையில் 7/0.67 வயர் என்று கேட்டால் தருவார்கள். பிளக்குக்கு இழுக்கிற வயர் அது. உள்ளே ஏழு செப்புக் கம்பி முறுக்கி இருக்கும். உறையை உரித்து, ஏழையும் ஒன்றாக முறுக்கிய ஐந்து சென்ரிமீற்றர்த் துண்டு ஒரு தேசிக்காய்க்கு. எங்கள் ஐந்து ரூபாக் குற்றியைச் செப்பு என்று நினைத்துக் குத்தாதீர்கள், அது செப்பு இல்லை. வெளிநாட்டு வீடியோவில் காசைச் செருகுவதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் அப்படிச் செய்கிறார்கள்.

நாகத்துக்குக் கூரைத் தகடு அடிக்கிற, நாகம் பூசிய ஆணி. இங்கேதான் எங்கள் முதல் நாள் முழுக்கப் போனது. கடையில் "கல்வனைஸ்தான்" என்று சொல்லித் தந்த பக்கற்றில் இருந்தது பளபளவென்று மின்னுகிற வேறு ஆணி. எட்டுப் பிள்ளைகளும் குத்தி அளந்தார்கள், எட்டுப் பேருக்கும் 0.4 வோல்ற்றுக்குக் கிட்டத்தான் வந்தது. செய்முறையில் பிழை என்று நினைத்து வயரை மாற்றினோம், காயை மாற்றினோம். கடைசியில்தான் ஆணியைப் பார்த்தேன். உண்மையான நாகப் பூச்சு பளபளக்காது. சாம்பல் நிறமாக, கொஞ்சம் சொரசொரப்பாக, சில இடத்தில் துளித் துளியாக உறைந்ததுபோல இருக்கும். சந்தேகமென்றால் ஒரு தேசிக்காயில் செப்போடு குத்தி அளந்து பாருங்கள். 0.9க்குக் கிட்ட வந்தால் நாகம். அதில் பாதிதான் என்றால் வெறும் இரும்பு.

எல்.ஈ.டி., முதலைக் கிளிப் போட்ட வயர், அளக்கிற மீற்றர் மூன்றையும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் ஒரே நடையில் வாங்கிவிடலாம். எல்.ஈ.டி. கேட்கும்போது சிவப்பு, 5 மில்லிமீற்றர், கண்ணாடிபோலத் தெளிவான தலை உள்ளது, அதிக வெளிச்சம் தருவது என்று சொல்லிக் கேளுங்கள். தலை முழுக்கச் சிவப்பாக இருக்கிற பழைய வகை, தேசிக்காய் தருகிற கொஞ்சக் கரண்டுக்குக் கண்ணில் படாது. வெள்ளையும் நீலமும் வேண்டாம். சிவப்புக்கு 1.7 வோல்ற் அளவு போதும், அவற்றுக்கு 3 வோல்ற்றுக்குக் கிட்டத் தேவை.

மீற்றருக்கு மஞ்சள் நிற டி.டி. 830 வகை போதும், பாடசாலை வேலைக்கு அதைவிட வேண்டியதில்லை. இது இல்லாமலும் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எரிந்தால் சந்தோசம்தான், ஆனால் எரியாதபோது ஏன் என்று பார்க்கக் கண் வேண்டுமே, அந்தக் கண்தான் மீற்றர். வாங்க வசதியில்லாவிட்டால் பக்கத்து வீட்டு எலெக்ட்ரீசியனிடம் ஒரு மாலைக்கு இரவல் கேளுங்கள்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று: எங்கள் வெள்ளவத்தைக் காற்றில் செப்பு இரண்டு கிழமையில் மங்கிப் போகும், கிளிப்பின் பல்லில் துரு பிடிக்கும். எல்லாவற்றையும் மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் போட்டு வையுங்கள்.

முதல் தேசிக்காய்

காயை மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள். சப்பாத்தி மா உருட்டுகிற அழுத்தம் போதும். தோல் வெடிக்கக் கூடாது, உள்ளே இருக்கிற சாற்றுப் பைகள் உடைய வேண்டும். கையில் காய் கல்லிலிருந்து பஞ்சாக மாறுவது தெரியும். ஒரு நிமிடம் போதும். இதைச் செய்யாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். சாறு சின்னச் சின்னப் பைகளாகப் பிரிந்து கிடந்தால் அயன்கள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக வழியில்லை.

செப்புக் கம்பியை அரத்தாளால் தேய்த்துப் புதிதாகப் பளபளக்க வையுங்கள். ஆணியைத் தேய்க்காதீர்கள், நாகம் மெல்லிய பூச்சு மட்டும்தான், தேய்த்தால் போய்விடும். துணியால் துடைத்தால் காணும்.

இப்போது இரண்டையும் காய்க்குள் குத்துங்கள். இடையில் ஒரு சென்ரிமீற்றர் இருக்கட்டும், உள்ளே ஒன்றில் ஒன்று முட்டவே கூடாது. முட்டினால் உள்ளுக்குள்ளேயே சுற்று முடிந்துவிடும், வெளியே ஒன்றும் வராது. முடிந்தால் இரண்டும் ஒரே சுளைக்குள் போகும்படி குத்துங்கள். சுளைக்கும் சுளைக்கும் நடுவில் இருக்கிற தோலும் ஒரு தடைதான்.

மீற்றரை நேரோட்ட வோல்ற்றளவில் 20 என்ற இடத்துக்குத் திருப்புங்கள். சிவப்பு முனை செப்பில், கறுப்பு முனை ஆணியில். 0.9 முதல் 1.0 வரை காட்டும். முன்னால் கழித்தல் அடையாளம் வந்தால் முனைகள் மாறிவிட்டன, பயப்பட ஒன்றுமில்லை.

இப்போது ஒரு வேலை செய்து பாருங்கள். ஆணிக்குப் பதிலாக இன்னொரு செப்புக் கம்பியைக் குத்தி அளந்து பாருங்கள். பூச்சியத்துக்குக் கிட்ட விழுந்துவிடும். காய் அதே காய், புளி அதே புளி. கல்வானிக்கும் வோல்ற்றாவுக்கும் நடந்த வழக்கு உங்கள் மேசையில் அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். இந்த இடத்தில் பிள்ளைகளிடம் விடையைச் சொல்லாதீர்கள், அவர்களே மீற்றரைப் பார்த்துச் சொல்லட்டும்.

நாலை ஒன்றாகக் கோர்ப்பது

ஒரு காய்க்கு ஒரு வோல்ற்றுக்குக் கொஞ்சம் குறைவு என்றால், சிவப்பு எல்.ஈ.டி.க்கு இரண்டு காய் போதுமே என்று கணக்கு வரும். போட்டுப் பாருங்கள், அநேகமாக எரியாது. மூன்று போட்டால் இருட்டில் மங்கலாகத் தெரியலாம். நாலு போடுங்கள்.

முதல் காயின் செப்பிலிருந்து இரண்டாம் காயின் ஆணிக்கு ஒரு கிளிப் வயர். இரண்டாவதன் செப்பிலிருந்து மூன்றாவதன் ஆணிக்கு. இப்படியே செப்பு, ஆணி, செப்பு, ஆணி என்று போக வேண்டும். கடைசியில் ஒரு பக்கம் சும்மா நிற்கிற ஆணி ஒன்றும், மறுபக்கம் சும்மா நிற்கிற செப்பு ஒன்றும் மிஞ்சும். அவைதான் உங்கள் பற்றரியின் இரண்டு முனை. செப்பு நேர், ஆணி மறை. அளந்தால் 3.6க்கு மேல் காட்ட வேண்டும். 1.8 அளவில் நின்றால் நடுவில் ஒரு காய் தலைகீழாக இருக்கிறது: அது மற்ற ஒரு காயின் வேலையையும் அழித்துவிடுகிறது.

காய்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல், உலர்ந்த தட்டில் தள்ளித் தள்ளி வையுங்கள். சாறு வடிந்து இரண்டு காயும் ஒரே குளத்தில் நின்றால் இரண்டும் ஒரே கலமாகிவிடும். ஒரே பெரிய நாரத்தங்காயில் நாலு சோடி குத்தி நாலு மடங்கு எடுக்கலாம் என்று நினைப்பதும் இதனால்தான் பலிப்பதில்லை.

எல்.ஈ.டி.யின் நீட்டுக் காலைச் செப்பு முனையில், கட்டைக் காலை ஆணி முனையில் பிடியுங்கள். அறையை இருட்டாக்குங்கள். திரைச்சீலை இழுத்தது போதாது. கையைக் குவித்து எல்.ஈ.டி.யைச் சுற்றிப் பிடித்து, கண்ணைக் கிட்டக் கொண்டு போங்கள். ஊசிமுனை அளவில் சிவப்பாக ஒன்று தெரியும். பத்து வினாடி பார்த்துக்கொண்டிருந்தால் கண் பழகி அது பெரிதாகும். அன்று அந்தப் பிள்ளை மேசைக்குக் கீழிருந்து "டீச்சர், பத்துது, பத்துது!" என்று கத்தியதில் மேல் வீட்டு அன்ரி கதவைத் தட்டிவிட்டார்.

ஏன் இவ்வளவு மங்கல்?

எல்.ஈ.டி. எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் இரண்டு காலிலும் மீற்றரை வைத்துப் பாருங்கள். 3.6 காட்டிய அதே நாலு காய் இப்போது 1.7 அளவில் நிற்கும். மிச்சம் எங்கே? காய்களுக்குள்ளேயே செலவாகிவிட்டது.

எங்கள் தொடர்மாடிகளில் தண்ணீர்த் தாங்கி மொட்டைமாடியில் இருக்கிறது, உயரம் நிறைய. ஆனால் கீழே வருகிற குழாய்க்குள் மணலும் உப்பும் பிடித்துப் போனால், பைப்பைத் திறந்ததும் நூல்போலத்தான் தண்ணீர் வரும். வோல்ற்றளவு தாங்கியின் உயரம். மின்னோட்டம் வருகிற தண்ணீர். தேசிக்காய்க்கு உயரம் பரவாயில்லை, குழாய்தான் அடைப்பு. ஆணியும் கம்பியும் குத்திய ஒரு காயிலிருந்து, நேராகச் சுற்றை மூடி அளந்தாலும், 0.3, 0.4 மில்லி அம்பியர் அளவுதான் வரும். மீற்றரை 2000 மைக்ரோ அம்பியர் இடத்துக்கு மாற்றி நீங்களே அளக்கலாம். அளந்து முடிந்ததும் வோல்ற்றளவுக்குத் திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை மறந்துபோய் எதிலாவது வைத்து உள்ளே பியூஸ் போகும்.

அதனால் உங்கள் கவனம் முழுவதும் மின்னோட்டத்தில் இருக்க வேண்டும். வோல்ற் தானாக வரும். நாகத்துக்கும் செப்புக்கும் இடையிலான தூரத்தைக் குறைத்தால் வோல்ற் அசையாது, மின்னோட்டம் கூடும். உலோகம் சாற்றில் படுகிற பரப்பைக் கூட்டினால் இன்னும் நன்றாகக் கூடும். ஆணி குத்திய காயில் பரப்புக்கு இடமில்லை. இதற்கு நாங்கள் கண்ட வழி யோகட் கப்.

நாலு யோகட் கப்பைக் கழுவி எடுங்கள். தேசிக்காயைப் பிழிந்து ஒவ்வொன்றிலும் பாதிவரை சாறு விடுங்கள், கொஞ்சம் தண்ணீர் கலந்தாலும் பரவாயில்லை. தகடு வேலை செய்கிறவர்களிடம் நாகம் பூசிய தகட்டின் வெட்டுத்துண்டு கேட்டால் சும்மாவே தருவார்கள். இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள், ஓரம் கையை வெட்டும், ஒரு ரேப் சுற்றுங்கள். செப்புப் பக்கத்துக்கு ஒரு முழக் கம்பியை உரித்து, அப்பளம்போலத் தட்டையாகச் சுருட்டித் தகட்டுக்கு எதிரே நிறுத்துங்கள். இரண்டுக்கும் நடுவில் ஐஸ்கிறீம் குச்சியொன்று வைத்தால் முட்டாது. இப்போது அதே நாலு கலம், அதே 3.6 வோல்ற், ஆனால் எல்.ஈ.டி. பகல் வெளிச்சத்திலேயே தெரியும். கண்காட்சிக்குக் கொண்டுபோவதென்றால் இதைக் கொண்டு போங்கள். முழுப் பழத்தைப் பக்கத்தில் ஒப்பிடுவதற்கு வையுங்கள்; பார்க்க வருகிறவர்களுக்கு அதுதான் பிடிக்கும்.

கப்பில் செய்வதில் இன்னொரு நன்மை, உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியும். சுற்றை மூடிக் கொஞ்ச நேரத்தில் செப்பின்மேல் கடுகைவிடச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். அது ஐதரசன். குமிழி கூடக் கூட எல்.ஈ.டி. மங்கும், ஏனென்றால் குமிழி மூடிய இடத்தில் சாறு படுவதில்லை. முனைவாக்கம் என்று பாடத்தில் நெட்டுருப் போடுவது இதைத்தான். கப்பை மெல்லத் தட்டுங்கள், அல்லது குச்சியால் செப்பைத் தடவிவிடுங்கள். குமிழி கிளம்பி மேலே போகும், எல்.ஈ.டி. ஒரு கணம் பளிச்சென்று எழும்பும். பத்து வருடம் பாடம் சொல்லிக் கொடுத்த பிறகும் எனக்கு அந்தக் கணம் அலுக்கவில்லை.

வெறும் தகட்டில், சுற்றை மூடாதபோதும், குமிழி வருவதைக் காண்பீர்கள். அங்கே நாகம் வயருக்குக் கரண்ட் தராமல் சும்மா கரைகிறது. அதனால் வேலை இல்லாதபோது தகட்டைச் சாற்றில் ஊற விடாதீர்கள்.

மணிக்கூடு

எல்.ஈ.டி.யைவிட மணிக்கூடு சுலபம் என்றால் நம்ப மாட்டீர்கள். இலக்கம் காட்டுகிற சின்ன மேசை மணிக்கூடு, பொத்தான் பற்றரி ஒன்றில் ஓடுவது, மிக மிகக் கொஞ்சக் கரண்டில் வேலை செய்யும். முழுத் தேசிக்காய் இரண்டு, ஆணி, கம்பி, அவ்வளவும் போதும். பற்றரிப் பெட்டியின் நேர் அடையாளம் உள்ள தகட்டில் செப்பு முனையையும், மற்றதில் ஆணி முனையையும் பிடியுங்கள். கிளிப் உள்ளே போகாவிட்டால் உரித்த மெல்லிய கம்பியை மடித்துச் சொருகி, அதில் கிளிப்பைப் போடுங்கள். மணிக்கூடு 1.5 வோல்ற்றுக்கு உரியது என்பதை முதலில் பாருங்கள்.

சுவரில் தொங்குகிற முள் மணிக்கூட்டோடு மினக்கெட வேண்டாம். பென்டோச் பற்றரி ஒன்றில் ஒரு வருடம் ஓடுகிறதே, அதற்கென்ன என்று நானும் நினைத்தேன். ஒவ்வொரு வினாடியும் முள்ளை உதைக்கும்போது அது ஒரு கணத்துக்கு இழுக்கிற கரண்டைத் தேசிக்காயால் தர முடிவதில்லை. முள் துடித்துத் துடித்து அதே இடத்தில் நிற்கும்.

அப்படியென்றால் போன் சார்ஜ் பண்ணலாமா? எல்லாப் பிள்ளைகளும் கேட்கிற கேள்வி, அதனால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஆணி குத்திய ஒரு தேசிக்காய் தரக்கூடிய அதிகூடிய வலு ஏறக்குறைய ஒரு மில்லி வாற்றில் பத்தில் ஒன்று. சாதாரண சார்ஜர் 5 வாற். வகுத்துப் பாருங்கள்: 50,000 தேசிக்காய். கரண்ட் பில்லில் வருகிற ஒரு அலகை ஒரே தேசிக்காயிலிருந்து எடுப்பதென்றால் 1,100 வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஒரு பழத்தில் வயரைக் குத்திப் போனையோ வீட்டு பல்பையோ எரியவைக்கிற வீடியோக்கள் பொய்; எங்கேயோ ஒரு பற்றரி ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதைப் பிள்ளைகளுக்கு நேராகச் சொல்லுங்கள். கணக்குப் போட்டுப் பொய்யைப் பிடிக்கிற பிள்ளை, எல்.ஈ.டி. எரியவைத்த பிள்ளையைவிடக் கூடப் படித்திருக்கிறது.

மற்றப் பழங்களும் வாழைத்தண்டும்

தேசிக்காய் விலை ஏறுகிற மாதங்களில் பிலிங்காய் எடுங்கள். தெகிவளைப் பக்கம் மரம் இருக்கிற வீடுகளில் கீழே கொட்டிக் கிடக்கும், புளிப்புக்குக் குறைவில்லை. காமரங்காயும் நல்லது, நீர்த்தன்மை அதிகம். தோடம்பழம், அன்னாசி, தக்காளி, ஊறுகாய்க்கு விடுகிற வினாகிரி எல்லாம் வேலை செய்யும். எதில் குத்தினாலும் வோல்ற் ஏறக்குறைய ஒன்றுபோலவே வருவதைக் கவனியுங்கள். உலோகச் சோடி மாறவில்லை அல்லவா! மாறுவது மின்னோட்டம் மட்டும்தான்.

உருளைக்கிழங்கில் ஒரு தனி விசேசம் உண்டு. பச்சைக் கிழங்கைவிட அவித்தது நன்றாக வேலை செய்யும். ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்டது இது: கிழங்கை எட்டு நிமிடம் அவித்தால் வலு பத்து மடங்கு வரை ஏறுகிறது. அவிக்கும்போது உள்ளே கல மென்சவ்வுகள் உடைந்து தடை குறைகிறது. தேசிக்காயை நாங்கள் மேசையில் உருட்டியதும் இதே வேலைதான்.

எனக்கு இதைவிடப் பெருமை தருவது நம் பக்கத்துக் கதை. கண்டி வீதியில் இருக்கிற களனிப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலாளர் கே. டி. ஜயசூரியவும் அவர் குழுவும் வாழைத்தண்டின் உட்குருத்தை அவித்து நறுக்கிப் பார்த்தார்கள். காய்ந்து போகாமல் பார்த்துக்கொண்டால் ஒரு எல்.ஈ.டி. 500 மணித்தியாலத்துக்கு மேல் எரிந்தது. குலை வெட்டியதும் நாம் எறிந்துவிடுகிற தண்டு அது. சந்தையில் வாழைத்தண்டு கறிக்கு வாங்குகிற அன்று ஒரு சாண் துண்டை ஒதுக்கி வையுங்கள். அவித்து, ஆறவிட்டு, நறுக்கி, யோகட் கப்பில் அடைத்து, அதே தகட்டையும் கம்பியையும் நடுவில் குத்துங்கள். சாறுபோல வடியாது, அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு இதுதான் வசதி. மேலே ஈரத்துணி போட்டு மூடுங்கள்.

செய்யக் கூடாதவை

குத்திய பழத்தையோ கப்பில் இருந்த சாற்றையோ யாரும் வாயில் வைக்கக் கூடாது. நாகம் அதில் கரைந்திருக்கிறது, பூச்சில் வேறு உலோகங்களும் இருக்கலாம். தேசிக்காய்த் தண்ணீர் என்று நினைத்து யாராவது எடுத்துக் குடிக்காதபடி உடனே ஊற்றிவிடுங்கள். இதற்கு எடுத்த கத்தி, கப், தட்டு எதுவும் திரும்பக் குசினிக்குப் போக வேண்டாம்.

நாகம் எடுப்பதற்காகப் பழைய பற்றரிகளை வெட்டுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அல்கலைன் பற்றரியின் உள்ளே இருப்பது தோலையும் கண்ணையும் சுடுகிற காரம். பிள்ளைகள் அதைத் தொடவே கூடாது. ஆணியும் தகடும் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது அந்த வேலை தேவையில்லை. வயரைக் கொண்டுபோய்ச் சுவர் பிளக்கில் சொருகக் கூடாது என்பதைச் சின்னப் பிள்ளைகளுக்குத் தொடங்குமுன் ஒரு தடவை, முடிந்த பிறகு ஒரு தடவை சொல்லுங்கள். எல்.ஈ.டி. நல்லதா என்று பார்க்க 9 வோல்ற் பற்றரியில் நேராக வைத்தால் அந்த இடத்திலேயே போய்விடும். தேசிக்காயில் மட்டும் தடை போடாமல் வைக்கலாம், உள்ளே வேண்டிய தடை ஏற்கெனவே இருக்கிறது.

முடிந்ததும் ஆணியையும் தகட்டையும் தண்ணீரில் கழுவித் துடைத்து உலரவிடுங்கள். கறுத்துப் போயிருக்கும், பரவாயில்லை. சிவந்த துரு தெரியத் தொடங்கினால் நாகம் முடிந்து இரும்பு வெளியே வந்துவிட்டது, புதிது எடுங்கள். வேறு ஒன்றும் வீணாகாமல், ஒரு கிராம் நாகம் முழுக்கக் கரைந்தால் 820 மில்லி அம்பியர் மணித்தியாலம் தரும் என்பது கணக்கு. உண்மையில் கொஞ்சம் சும்மா கரைந்து போகும், ஆனாலும் ஒரு நல்ல ஆணி பல தேசிக்காய்களைத் தாண்டி வரும்.

ஒரு கொப்பியில் திகதி, நேரம், வோல்ற் மூன்றையும் எழுதி வரச் சொல்லுங்கள். எங்கள் மணிக்கூட்டை இரண்டு தேசிக்காயோடு புத்தக அலுமாரியின் மேல் வைத்தோம். நாள் போகப் போகத் தோல் சுருங்கி, ஆணியைச் சுற்றிக் காய்ந்த வளையம் ஒன்று விழுந்தது. ஒரு நாள் பிள்ளைகள் வந்தபோது இலக்கங்கள் மறைந்து போயிருந்தன. பழம் செத்துப்போச்சு, கரண்ட் முடிஞ்சுது என்றான் ஒருவன். முதல் நாள் இருட்டைப் பற்றிக் கேட்ட அதே பிள்ளை ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய், ஆணிகளைப் பிடுங்கித் துணியால் துடைத்து, செப்பை அரத்தாளால் இரண்டு இழு இழுத்து, புதிதாக உருட்டிய இரண்டு காயில் குத்திக் கிளிப்பைப் போட்டாள். மணிக்கூடு 12:00 என்று காட்டி, நடுவிலிருந்த இரண்டு புள்ளியும் மின்னத் தொடங்கின. "ஆணி அதே ஆணிதான்" என்றாள் அவனைப் பார்த்து.